காற்றுப் படாத இலை

போன ஞாயிற்றுக்கிழமை, சுவரில் தொங்கும் பாடுபட்ட இயேசு சுரூபத்துக்குப் பின்னாலிருந்து குருத்தோலையை உருவினேன். விரலெல்லாம் கரி. ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தும் இந்த ராயபுரத்துத் தூசி எப்படித்தான் நுழைகிறதோ! போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று நீங்கள் சிலுவையாக மடித்துச் செருகிய ஓலை. சாம்பல் புதனுக்கு எரிக்க, பழைய ஓலைகளைத் தரச் சொல்லிக் கோயிலில் அறிவித்திருந்தார்கள். எனக்குக் கொடுக்க மனசே இல்லை.

எண்ணூர் துறைமுகத்தில், நிலக்கரி பெல்ட்டில் கலந்து வரும் கல்லைப் பொறுக்கும் வேலை உங்களுக்கு. ஒருநாள் அதில் ஒரு கறுப்புச் சில்லை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டீர்கள்.

"மீனு வாங்கினு வரச் சொன்னா கல்ல தூக்கினு வரீங்களே!" என்று கத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் காட்டினீர்கள். நரம்பு நரம்பாக ஓர் இலை பதிந்திருந்தது.

"கரியும் இப்டி எலையும் மரமுமா இருந்ததுதான் மேரி. சேத்துத் தண்ணில வுயுந்துச்சு. காத்து படல, அதான் மக்கல. மேல மண்ணு ஏற ஏற அமுங்கி, சூட்டுல கரியாயிடுச்சு. கோடிக்கணக்குல வருசம்."

காற்றுப் படவில்லை என்பது மட்டும்தான் என் மண்டையில் தங்கியது. ஈஸ்டர் முடிந்த வாரமே உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து, வேலைச் சட்டையைத் துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினேன். ஜன்னல்களையும் சாத்தினேன். மழைக்காலத்தில் ஆசை தாங்காமல் பிரித்தால், சட்டை முழுக்கப் பூஞ்சை. உங்கள் வியர்வை வாசனை போய், ஈரக் கோணி வாடைதான் அடித்தது. அன்றைக்குத்தான் நான் தனி ஆள் என்று உறைத்தது. மண்ணும் சூடும் கோடி வருடமும் வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள்தான். என்னிடம் ஒரு கவர்தான் இருந்தது.

இந்தத் திங்கட்கிழமை கோயில் உபதேசியார் வாசலில் வந்து நின்றார். "குருத்தோல இருக்காம்மா?"

ஓலையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு நீட்டினேன்.

"சிலுவைய பிரிச்சிடவா?"

"வாணாங்க. அப்டியே போடுங்க."

இன்று சாம்பல் புதன். காலைப் பூசையில் பங்குச் சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசினார். எல்லார் வீட்டு ஓலையும் சேர்ந்த சாம்பல். அதில் நீங்கள் மடித்தது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். தரையெல்லாம் தூசி, பெருக்கியாயிற்று. முகம் மட்டும் இன்னும் கழுவவில்லை.