உழவுக்கா, கறிக்கா

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் தன் உடம்பை வைத்துப் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் என் மனைவி வள்ளியம்மா செத்தாள். போன வருஷம் காலேஜில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூக்குத்தியைக் கழற்றியது நான்தான்.

இன்று தங்கச்சி மகன் பழனிச்சாமி வந்தான். அந்தக் காலேஜில்தான் வேலை. மூக்கை அழகாக்கும் ஊசி விற்கிற ஒரு கம்பெனி, குத்திப் பழகுவதற்கு அவளை வாடகைக்கு எடுத்ததாம். பெருமையாக வேறு சொல்கிறான்.

“எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களாடா?”

“தானமாக் குடுத்தாச்சுங்களே மாமா, இனி என்னத்துக்குக் கேக்கோணும்? நீங்களும் உங்க உடம்ப எழுதிக் குடுத்துருங்க.”

“வேலந்தாவளம் சந்தையில நான் கெழட்டு எருத விக்கறப்பக்கூட, உழவுக்கா கறிக்கான்னு என்னைக் கேட்டுட்டுத்தான்டா தரகன் வெல பேசத் துண்டுக்குள்ள கைய விட்டான். உங்க டாக்டருங்களுக்கு மாட்டுத் தரகனோட மரியாதகூடத் தெரியாதா?”

“அது மாடுங்க மாமா” என்று சிரித்தான். வெட்கம் கெட்டவன். காபி கொடுக்காமலே அனுப்பினேன்.

பிள்ளைகள் அறுத்துப் படித்திருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். பணக்காரன் மூக்குக்காக அவள் உடம்பைக் கொடுக்கவில்லை.

காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய் அவளைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். மிச்சம் இருப்பதைக் கொடுத்தால் போதும். மூக்குத்தியைச் சட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.