தனுஷாவின் தாளில் நான் போட்ட பிழை

என் ரஜனி மச்சாளுக்கு,

எழுத உட்காருகிறேன், எழும்புகிறேன், திரும்ப வந்து உட்காருகிறேன். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. நேற்றுப் பரீட்சையில் போன தவணைக் கேள்வியையே திரும்பவும் கொடுத்தேன்: உருவகத்துக்கும் மரபுத்தொடருக்கும் ஆங்கிலத்தில் சொந்த உதாரணம் ஒவ்வொன்று எழுதுக. முன்வாங்கில் இருக்கும் உன் செல்லம் தனுஷா இரண்டு இடத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறாள்.

போன தவணை ஞாபகம் இருக்கிறதா? வந்தவரை உபசரித்துத் திரும்பிப் போகவிடாத எங்கள் ஊர்ப் பெருமையை, 'பாயோடு ஒட்ட வைத்துவிடுவோம்' என்பதை, அவள் அப்படியே ஆங்கிலமாக்கி மரபுத்தொடர் என்று எழுதினாள். நான் சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். அன்று பின்னேரம் மண்டூர்த் துறையில் வாவி கடக்கும் பாதையில் ஏறியதிலிருந்து, அந்த இரும்பு மிதவை அக்கரை தொடும்வரை நீ என்னை விடவில்லை.

"இஞ்ச பார், வகுப்பு ஒரு மீன்சந்தை எண்டால் ஒருதரும் சொல்லித் தராமலே விளங்கும். அது உருவகம். வாளியை உதைச்சான் எண்டால் செத்துப்போனான் எண்டு ஆராவது சொல்லித் தந்தால்தானே தெரியும்? அது மரபுத்தொடர். யாழ்ப்பாணத்தில இருந்து வந்த எனக்கு இந்தப் பாயையும் நீதானே சொல்லித் தந்தனி!"

"இங்கிலிசுல அப்பிடி ஒண்டும் இல்லகா. புத்தகத்தில இல்லாததுக்குப் புள்ளி போட ஏலாது."

"அப்ப உருவகம் எண்டாவது பாதி போடன். வெள்ளைக்காரன் முதல்தரம் கேட்டால் அவனுக்கு அது படமாத்தானே தெரியும்?"

நான் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லட்டா? எனக்குக் கோபம் அந்தப் பிள்ளையில் இல்லை. அன்று காலையில்தான் உன் இடமாற்றக் கடிதத்தை அதிபரின் மேசையில் பார்த்தேன். அம்மாவுக்கு உடம்புக்கு ஏலாது என்று நீயே கேட்டு வாங்கியது, நியாயம்தான். ஆனால் என்னிடம் ஒரு சொல்? பதினொரு வருடம் எங்களோடு ஒட்டிக் கிடந்தவள் போகிறாளே என்ற எரிச்சலை ஒரு பிள்ளையின் தாளில் தீர்த்துவிட்டேன். நீ போய் இரண்டாம் மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த வாளி உதாரணத்தை இப்போது வகுப்பில் எடுக்க வாய் வருகுதில்லை.

இன்று தனுஷாவைக் கூப்பிட்டேன். "என்ன மகள், ஒண்டும் எழுதல்ல?"

"நான் எழுதினாப் பிழைதானே டீச்சர்." பிறகு மெல்லக் கேட்டாள்: "ரஜனி டீச்சரும் பிழை எண்டா சொன்னவங்க?"

அதற்குள் மணி அடித்தது, தப்பினேன். வெட்கமாக இருக்கிறது மச்சாள். இப்படியும் ஒரு டீச்சரா?

நாளைக்கு முதலாம் பாடத்தில் அவளின் பழைய தாளை வாங்கி, எல்லாருக்கும் முன்னால் என் பிழையை வெட்டிச் சரி போடுவேன். கிழித்துப் போட்டிருந்தால் அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். ரஜனி டீச்சர் சரியென்றுதான் சண்டை பிடித்தவ என்று சொல்லுவேன். இதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கேட்டால் தனுஷாவே சொல்லட்டும். நான் சொல்லப்போனால் உன்னைத்தான் சொல்ல வேண்டிவரும், அழுதுவிடுவேன்.

ஒரு தரமாவது 'போகாதகா' என்று சொல்லாமல் விட்ட,
உன் மச்சாள்
மலர்