மாவில் விழுந்த முடி

மார்ச் 3, திங்கள்

காலையில் விரல்கள் மடங்க அரை மணி நேரம். இவ்வளவு எழுதினால் போதும் என்றுதான் மூட்டு டாக்டரம்மா இந்த நோட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கோ எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் நாலு தெரு சுற்றித்தான் வீடு வரத் தெரியும்.

என் உடம்பே என் மூட்டை எதிரி என்று நினைத்துக் கடிக்கிறதாம். வளர்த்த நாய் வீட்டு ஆளையே கடிக்கிற மாதிரி. அதை அடக்க ஞாயிறுதோறும் ஒரு மாத்திரை. நாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனால் முடி கொட்டுகிறது. சீப்பில், தலையணையில், சட்டைக் காலரில். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவளுக்கு இது எப்பேர்ப்பட்ட வம்பு!

மார்ச் 6, வியாழன்

வந்துவிட்டது. ஒருவர் பாதி ரொட்டியோடு வந்து முதலாளி முன்னால் நீட்டினார். நடுவில் நீளமாய் ஒரு முடி. பாதி கறுப்பு, பாதி நரை. என்னுடையதுதான். தொப்பிக்குள் இறுக்கி முடிந்தும் எப்படியோ நழுவியிருக்கிறது.

"அக்கா, இது ரெண்டாவது தடவை. மூணாவது வந்தா உங்களை வரவேண்டாம்னு சொல்ல வேண்டியிருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க."

வெச்சுக்காம? பதினோரு வருஷம்! இவருடைய அப்பா காலத்தில் சேர்ந்தவள் நான். அவர் தமாஷ் ஆள். ரொட்டியைத் தட்டி "யாருப்பா உள்ளே?" என்று கேட்பார். அது வேறு கதை.

மார்ச் 9, ஞாயிறு

மாத்திரை போடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் போடவில்லை. முடி கொட்டுவது நிற்கிற வழியைக் காணோம். கை மட்டும் கனக்கிறது.

மார்ச் 19, புதன்

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இரண்டாவது மாவை, ரொட்டி சுடுகிற அடுப்பு அண்ணன்தான் பிசைந்து கொடுத்தார், முதலாளி பார்க்காத நேரமாய்.

"பொய் சொல்லாத தங்கச்சி. நீ மாவைப் பிசையல, மாவுதான் உன்னைப் பிசையுது."

சிரித்தேன். உள்ளே போய் அழுதேன்.

மார்ச் 22, சனி

சூடான தட்டு கையிலிருந்து விழுந்தது. காலில் படவில்லை, தப்பித்தேன். வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"இதுல ரெண்டு அதிகமா இருக்கே, ஏன்?"

சொல்லிவிட்டேன். சத்தமே போடவில்லை மனுஷர். அதுதான் பயமாக இருந்தது.

"முடி முளைக்கும். விரல் கோணிப்போனா யாரு நிமித்துவா?"

"உங்களுக்கென்ன, வழுக்கை பழகிப்போச்சு."

"ஆமாடி. எனக்கு மாத்திரை இல்லாமயே போச்சு."

மார்ச் 23, ஞாயிறு

அவரே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். தன்னைக் கேட்காமல் நிறுத்தலாமா என்று டாக்டரம்மாவிடம் திட்டு. விட்டதைச் சேர்த்துப் போடக் கூடாது, இன்றைக்கு ஒன்றே ஒன்று. முடிக்கு என்ன செய்யலாம் என்று நோட்டோடு நேரில் வரச் சொன்னார்.

போட்டேன். பிறகு வீட்டுக்காரரை அவர் முகம் மழிக்கிற மெஷினை எடுத்து வரச் சொன்னேன். "யோசிச்சுக்கோ" என்றார் மூன்று தடவை. கண்ணாடி பக்கம் போகவில்லை.

மார்ச் 28, வெள்ளி

மூன்றாவது முடி.

முதலாளி எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார். ரொட்டி மேஜையில் கிடந்தது.

"அக்கா, நான் சொன்னேன்ல?"

தொப்பியைக் கழற்றினேன். வேறென்ன செய்ய? முழு மொட்டை. இத்தனை பேர் முன்னால், வெளிச்சத்தில். அடுப்பு அண்ணன் அந்த முடியை விரல் நுனியில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். குட்டை முடி. கன்னங்கறுப்பு. அடியில் மட்டும் ஒரு துளி வெள்ளை. தலைக்குச் சாயம் பூசுகிறவர் எங்கள் கடையில் ஒருவர்தான். தொப்பி போடாமல் மாவு அறைக்குள் வந்து போகிறவரும் அவர்தான்.

"முதலாளி, கொஞ்சம் பக்கத்துல வாங்க" என்றார் அண்ணன், ரொம்ப மரியாதையாக.

முதலாளி வந்தார். பார்த்தார். காது சிவந்தது. ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 21, திங்கள்

விரல்கள் மடங்கப் பத்து நிமிடம்.

மாவு அறை வாசலில் தொப்பி மாட்ட நான்கு ஆணிகள் இருந்தன. இன்று ஐந்து. ஐந்தாவது தொப்பி புதுசு. முதலாளி அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு "வாங்கக்கா" என்றார், என் தலையைப் பார்க்காமல்.