மணமகள் அறையில் சொன்ன சொல்

நேற்று மேட்டுப்பாளையம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நீலகிரித் தைலச் சீசாவைத் திறந்து கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். உன் கைக்குட்டையில் எப்போதும் அந்த வாசம்தான். குத்துச்சண்டை வளையத்தை ஒட்டிய நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் அட்டையை வாங்கியதும் முதல் வேலையாகத் தைலத்தை எடுப்பாய். "மூக்கு அடைச்சுதுன்னா கண்ணும் சரியாத் தெரியாது வாத்தி" என்பாய். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன் என்பதால் உனக்கு நான் வாத்தி.

படிக்கிற காலத்தில் ஒரே எடைப் பிரிவில் மோதிக்கொண்டவர்கள் நாம். நீ உடைத்த மூக்கு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. பிறகு நீ பம்புசெட் கம்பெனியில் லேத் பிடித்தாய், நான் சாக்பீஸ் பிடித்தேன். விடுமுறை நாட்களில் இருவரும் மதிப்பெண் போடும் நடுவர்களாகப் போனோம். திரும்பும் பேருந்தில் நம் கணக்குகளைச் சுற்றுக்குச் சுற்று ஒப்பிட்டுப் பார்ப்போம். எட்டில் ஏழு ஒத்துப்போகும். மிச்சமுள்ள ஒன்றுக்கு, "நீ ஒக்காந்த பக்கம் வேற, நான் ஒக்காந்த பக்கம் வேற" என்று நீ முடித்துவிடுவாய். அந்தப் பதில் அப்போதெல்லாம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

நம்மைப் பிரித்த அந்தப் போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடைக்கு முன்னால் வளையம் கட்டி, நம் இருவரையும் மணமகள் அறையில் உட்கார வைத்தார்கள். கதவிலிருந்த பலகையைப் படித்துவிட்டு, "தாலி கட்டறது எத்தனை மணிக்குன்னு கேட்டுப்போட்டு வா வாத்தி" என்றாய். டீ வந்தது. டீக்குப் பின்னாலேயே அமைப்பாளரும் வந்தார். நடுவர்களைத் தேர்ந்தெடுத்தவர் அவர். கடைசிப் போட்டியில் இறங்கவிருந்த இருவரில் ஒருவனைத் தன் பயிற்சிக் கூடத்தில் வைத்து வளர்த்தவரும் அவர்தான். இதை இந்தத் தொழிலில் யாரும் தவறாக நினைப்பதில்லை. வாசலில் நின்றபடியே, "நம்ம பையனைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார்.

நீ டம்ளரிலிருந்து தலை நிமிராமல், "சரிங்க" என்றாய்.

எதிரே இறங்கியவன் பவானிக்காரன். மற்ற நாட்களில் ஜமக்காளம் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வென்றவனுக்குப் பத்து, மற்றவனுக்கு ஒன்பது. என் அட்டையில் ஆறாவதையும் சேர்த்து ஐந்து சுற்று பவானிக்காரனுக்கு. வெளியூரிலிருந்து வந்த மூன்றாவது நடுவர் அமைப்பாளரின் ஆளுக்குப் போட்டிருந்தார். உன் அட்டைதான் தீர்மானிக்க வேண்டும். எழுபத்தேழுக்கு எழுபத்தைந்து என்று வாசித்தார்கள், அமைப்பாளரின் ஆளுக்கு.

மண்டபம் கத்தியது. பவானிக்காரன் கத்தவில்லை. இறங்கி நேராக என்னிடம் வந்து, "ஏனுங்க சார், நான் எந்த எடத்துலீங்க தோத்தேன்?" என்று கேட்டான். நடுவர்கள் போட்டியாளரிடம் பேசக் கூடாது என்பது விதி. நான் விதியைக் காப்பாற்றினேன். அவன் அதற்குப் பிறகு வளையம் ஏறவில்லை.

பேருந்தில் உன்னிடம் கேட்டேன். "ஆறாவது ரவுண்டு யாருக்குப் போட்டே?"

"அவிய ஆளுக்குத்தான்."

"எந்தக் கண்ணுல பாத்தே?"

"என்ற கண்ணுலதான். நீ ஒக்காந்த பக்கம்..."

"அந்தாளு கேட்டதுக்குச் சரிங்கன்னு சொன்னியே."

நீ பையை எடுத்துக்கொண்டு, "வாரேன்" என்று உன் நிறுத்தத்தில் இறங்கிப் போனாய்.

அந்த வாரமே குத்துச்சண்டைச் சங்கத்துக்குப் புகார் எழுதினேன். ஐந்து பக்கம், என்னால் முடிந்த மிகச் சிறந்த ஆங்கிலத்தில். அதில் உன் ‘சரிங்க’வை ‘ஒப்புக்கொண்டார்’ என்று மொழிபெயர்த்தேன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் உண்டா? பேருந்து வராது என்றாலும் சரிங்க. டாக்டர் சர்க்கரை வியாதி என்றாலும் சரிங்க. பெண் கொடுக்க விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினாலும் சரிங்க. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பை வகுப்பில் பாடமாக நடத்துகிறவன் நான்.

சென்னையில் விசாரணை நடந்தது. நம் கொங்குப் பேச்சு தெரியாத அதிகாரி ஒருவர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படிச் சொன்னது உண்மையா என்று கேட்டார்.

"சொன்னேனுங்க" என்றாய்.

அந்தப் பக்கமே மதிப்பெண் போட்டீர்களா என்று கேட்டார்.

"போட்டேனுங்க."

விளக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். நடுவர் பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்தார்கள். அமைப்பாளரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் இன்றும் காந்திபுரத்து ஃபிளெக்ஸ் பலகையில் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். அந்த மூன்றாவது நடுவர் இப்போது பெரிய போட்டிகளுக்குப் போகிறார். அவர்கள் இருவரையும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் என் ஐந்து பக்கமும் போய் விழுந்தது உன் ஒருவன் தலையில்தான்.

படியிறங்கும்போது சொன்னாய்: "வாத்தி, உன்ற இங்கிலீசு நல்லா இருந்துச்சு."

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அது.

கடிதத்தில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. மணமகள் அறையில் நீ ‘சரிங்க’ சொல்லி முடித்ததும் அமைப்பாளர் என் பக்கம் திரும்பி, "சாரும் பாத்துக்குங்க" என்றார். "சரிங்க" என்றேன். அந்த அறையில் அந்தச் சொல் இரண்டு முறை சொல்லப்பட்டது. என் அட்டை பவானிக்காரனுக்குப் போனதால் என்னுடையது மரியாதை என்றும், உன்னுடையது உடன்பாடு என்றும் நானே பிரித்துக்கொண்டேன்.

உன் சாவுக்கு நான் வரவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி "வாங்ணா" என்று, நேற்றும் வந்து போனவனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். உன் படத்துக்குப் பக்கத்தில் தைலச் சீசா, பாதிக்குக் கீழே.

"படுக்கைல கெடக்கறப்ப ஒண்ணு சொன்னாருங்ணா. வாத்தி வந்தா சொல்லிப்போடு, ஆறாவது ரவுண்டு எனக்கே சந்தேகந்தான், ஆனா வேணும்னு போடலீன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்ணா. உங்களுக்கு வெளங்குதுங்களா?"

விளங்கியது. அந்த ஒரு சுற்றை மாற்றிப் போட்டிருந்தால் உன் அட்டை எழுபத்தாறுக்கு எழுபத்தாறு. போட்டி சமன். பவானிக்காரன் தோற்றிருக்க மாட்டான். அந்தச் சுற்று அவனுடையது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், உனக்காகக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வேண்டுமென்று போடவில்லை என்கிறாயே, அதற்கு நான் உனக்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? ஆறு வருடமாக எனக்குள் எழுதி வைத்திருந்த பதில்கள் எல்லாம் இருந்தன. உன் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு டீ போட உள்ளே போனார். நான் உன்னை நம்பிவிட்டதாக எடுத்துக்கொண்டாரா, சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதாக மட்டும் எடுத்துக்கொண்டாரா, தெரியாது. உன்னுடைய சொல்லை ஒரு வாரத்தில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். என்னுடையதை இன்னும் எழுத முடியவில்லை.