எலிகள் நலமா என்று அப்பா கேட்கிறார்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் கால்கள் உட்பட. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் ஆய்வுக்கூடத்து எலிகளையும் நலம் விசாரித்து எழுதச் சொன்னார் அப்பா. காரணம் இருக்கிறது.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்துவிட்டது. அவர் நுரையீரல் இருக்கிற லட்சணத்தில் முழு மயக்கம் தர முடியாது, முதுகில்தான் ஊசி என்று மயக்க மருந்து டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏற்கெனவே தண்டுவட நோய் வந்து தடியூன்றி நடக்கிற மனிதருக்கு அதே முதுகிலா என்று இரண்டு தடவை கேட்டேன். நோய்ப்பட்ட தண்டுவடம் என்றால் மருந்தைக் குறைக்க வேண்டும், அப்படியும் மரத்துப்போனது தெளிய நேரமாகலாம் என்று அந்த நோயுள்ள உன் எலிகளுக்கு இதே ஊசி போட்டுப் பார்த்ததை வைத்து நீ போனில் சொன்னதை அப்பா ஒரு வரி விடாமல் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தார். அவருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு குறைத்தே போட்டார்.

அப்படியும் மத்தியானச் சாப்பாடு வந்து போன பிறகும் இரண்டு காலும் கட்டையாகக் கிடந்தன. அதே ஊசி போட்ட பக்கத்துக் கட்டில்காரர் காலாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். உணர்ச்சி வந்ததா என்று டாக்டரம்மா குளிர்ந்த பஞ்சைக் காலில் வைத்து வைத்துப் பார்த்தார், முகமே வாடிவிட்டது. அப்பா அவருக்கு ஆறுதல் சொல்கிறார், எங்க பொண்ணு வளக்கிற எலிங்களுக்கும் லேட்டாத்தான் தெளிஞ்சுதாம், நீங்க போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்கம்மான்னு. நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, விரலையாவது ஆட்டுங்கள் என்று கெஞ்சினேன், இனி இந்தக் கால் அவ்வளவுதானா என்று அழுதேன். உன்னிடம் மறைப்பானேன், பயந்துதான் போனேன். சாயங்காலம் வலது பெருவிரல் அசைந்தது. அப்புறம் இடது. நான் சொல்லி எதையும் உடனே செய்கிற மனிதரா அவர், விரல் மட்டும் எப்படி இருக்கும்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எலிப் புராணம்தான். அதுங்கள எப்ப வெளிய விடுவாங்க என்று தினமும் என்னைக் கேட்கிறார். சோதனை முடிந்ததும் தண்டுவடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும், உயிரோடு விடுவதில்லை என்று நீ என்னிடம் அழுதது அவருக்குத் தெரியாது. எல்லாம் நன்றாகத் தின்று குண்டாகிவிட்டன என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயும் குண்டு என்றே சொல்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். இந்தக் கடிதத்தைத் தெருமுனைத் தபால் பெட்டியில் தானே நடந்து போய்ப் போடுவேன் என்று அப்பா தடியோடு வாசலில் நிற்கிறார். அதனால் உறையை இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன்.

ஆசிகளுடன்,
அம்மா