ஆடி மாதத்துக்கு நாலு வரி இங்கிலீஷ்

புதுவாயல்
20-10-2024

விமலின் வீட்டுக்காரிக்கு,

கன்னியம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் மூன்று பேரும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் விமல் போனில் சொல்லியிருப்பான்.

மாமியார் கடுதாசி போடுகிறாளே என்று ஆச்சரியப்படுவாய். பட்டுக்கொள். உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தது உனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை விமல் வீடியோவில் பேசினான். குழந்தையும் வந்தாள். "இன்னா கண்ணு, சாப்ட்டியா? பல்லு ஆடுதாமே?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பின்னால் திரும்பி, "வாட் இஸ் ஷீ சேயிங்?" என்றாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அது என்ன கேள்வி என்று எனக்குப் புரிந்துவிட்டது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

பேத்திக்குத் தமிழ் வராதது யார் குற்றம் என்று இப்போது கேட்கவில்லை. ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

வருகிற ஆடியில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஊருக்கு வருகிறீர்களாம். நீ பக்கத்தில் இருக்கிற ஆரணியில் உன் அம்மா மேரி வீட்டில் தங்குவாயாம். குழந்தையை ஒரே ஒரு நாள் விமல் இங்கே கூட்டி வந்து எனக்குக் காட்டிவிட்டுப் போவானாம். காட்டிவிட்டுப் போக அவள் என்ன பொருட்காட்சியா? அவள் என் வீட்டில் தங்க வேண்டும். என் பக்கத்தில் படுத்துக் கதை கேட்க வேண்டும். கதை சொல்ல அவள் பாஷை எனக்கு வேண்டும்.

விமலைக் கேட்டேன். "இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்குமா அதெல்லாம்?" என்று சிரிக்கிறான். நீ நர்ஸ். முரண்டு பிடிக்கிறவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பழகியவள். நீயே சொல்லிக் கொடு.

நான் அஞ்சாவது வரை படித்தேன். கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிய காலத்தில் ஏபிசிடி கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் தெரியாது.

கன்னியம்மா

*

லீட்ஸ்
12-11-2024

அன்புள்ள அத்தைக்கு,

ஜெனிபர் எழுதுகிறேன். ஷிப்ட் முடிந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஏஞ்சல் உங்களைக் கேலி செய்யவில்லை அத்தை. நீங்கள் சொன்னது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி ஷிப்டுக்கு ஓடினோம். அவள் வளர்ந்ததெல்லாம் பக்கத்துத் தெரு வெள்ளைக்கார ஆயாவிடம். வீட்டில் இருந்த நேரமெல்லாம் தூங்கினோம், தமிழ் அந்தத் தூக்கத்தில் போய்விட்டது. குற்றத்தில் பாதியை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே பள்ளியில் பருவத்துக்கு ஒரு கதை, ஒரு பாட்டு என்று சொல்லித் தருகிறார்கள். இப்போது இலையுதிர் காலம். ஏஞ்சலுடைய முள்ளெலிக் கதையை அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையின் கீழும் உச்சரிப்பையும் அர்த்தத்தையும் தமிழில் எழுதியிருக்கிறேன். வீட்டுச் சாமான்களின் பெயர்களைத் தனித்தனிச் சீட்டாக வெட்டி வைத்திருக்கிறேன். கதவில், வாளியில், அரிசிப் பானையில் ஒட்டிக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் சத்தமாகச் சொல்லுங்கள்.

ஆடியைப் பற்றி என்னால் இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
ஜெனிபர்

*

புதுவாயல்
8-12-2024

ஜெனிபருக்கு,

கடுதாசி புயலில் நனைந்து வந்தது. படிக்க முடிந்தது. கம்பெனி பஸ்ஸெல்லாம் ரெண்டு நாள் ஓடவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

முள்ளெலிக் கதையைப் படித்தேன். இலைக் குவியலுக்குள் புகுந்து மாசக்கணக்கில் தூங்குகிறதாம். சரி, அதற்கு யார் சோறு வைத்தது? கதை எழுதினவர்களுக்கு அந்த யோசனையே இல்லை. ஐப்பசியில் இலை கொட்டுகிறது என்று வேறு போட்டிருக்கிறது. இங்கே ஐப்பசியில் மழைதான் கொட்டும். வேப்பமரம் இலை கொட்டுவது மாசி பங்குனியில். உங்கள் ஊரில் எல்லாமே தலைகீழா?

இருந்தாலும் முழுக் கதையும் மனப்பாடம். நான் ஒரு தடவை கேட்டால் மறக்கமாட்டேன், அது உனக்கே தெரியும்.

சீட்டுகளை ஒட்டினேன். எதிர்வீட்டுக் குப்பம்மாள் வந்து பார்த்துவிட்டு, "இன்னா கன்னி, ஊட்டுக்கெல்லாம் லேபிள் ஒட்டிக்கினு கீற? வெலைக்கு வுடப் போறியா?" என்றாள். "க்ளோஸ் தி டோர்" என்றேன். புரியாமல் முழித்தாள். அந்த முழியைப் பார்த்ததிலிருந்து எனக்குப் படிப்பில் ஆர்வம் கூடிவிட்டது.

அடுத்த பாடம் அனுப்பு.

கன்னியம்மா

*

லீட்ஸ்
3-1-2025

அன்புள்ள அத்தைக்கு,

முள்ளெலிக்குச் சோறு வைத்தது யார் என்று ஏஞ்சல் வகுப்பில் கேட்டாளாம். டீச்சர் சிரித்துவிட்டு, தூங்கப் போகுமுன்பே வயிறு முட்டத் தின்றுவிடும் என்றாராம். "என் பாட்டி கேட்ட கேள்வி" என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். உங்களைப் பற்றி அவள் பள்ளியில் பேசியது இதுதான் முதல் தடவை.

இங்கே இப்போது கடும் குளிர். ஏஞ்சலே கட்டிய பாட்டு இது:

விண்டர் சன், லேசி சன்,
கம்ஸ் அட் நைன் அண்ட் கோஸ் பை த்ரீ,
நெவர் ஸ்டாப்ஸ் டு லுக் அட் மீ.

குளிர்காலத்துச் சூரியன் சோம்பேறி. ஒன்பது மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போய்விடும், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று அர்த்தம்.

இந்த ஊர்ப் பருவம் உங்களுக்கு ஒத்துவரவில்லை, நியாயம்தான். உங்கள் பருவங்களை நீங்களே எழுதுங்கள் அத்தை. ஒரு மாதத்துக்கு நாலு வரி போதும். ஏபிசிடியில் எழுதச் சிரமமாக இருந்தால் இங்கிலீஷைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். நான் ஏஞ்சலுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஜெனிபர்

*

புதுவாயல்
28-3-2025

ஜெனிபருக்கு,

பொங்கலன்று நான் குழந்தையோடு பேசியதை நீ பக்கத்திலிருந்து கேட்டிருப்பாய். "ஏஞ்சல், யுவர் சன் லேசி. கம் ஹியர், மை சன் நோ லேசி" என்றேன். சிரித்தாள் பார், முன்பல் ரெண்டும் இல்லாமல்! விமலைத் தள்ளிவிட்டு என்னோடு பேசினாள். பாதிதான் புரிந்தது. புரியாத இடத்தில் எல்லாம் "எஸ், எஸ்" என்று சொல்லிவிட்டேன். நாய்க்குட்டி வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று விமல் பிறகு சொன்னான். பரவாயில்லை.

தைக்கு நாலு வரி, பங்குனிக்கு நாலு வரி தனித் தாளில் இருக்கிறது. வாசித்துக் காட்டு. ஆடிக்கும் எழுதினேன். அதை மட்டும் அவளுக்கு வாசிக்காதே. நாலு வரியில் நிற்கவில்லை.

திஸ் இஸ் ஆடி மந்த்.
விண்ட் இஸ் பிக்.
ஐ மேக் கூழ் ஃபார் காட்.
ஐ கிவ் கூழ் டு மை டாட்டர்-இன்-லா.
ஷீ புட் இட் டவுன்.
ஆல் பீப்பிள் சீ.
ஐ கோ ஹோம். ஐ க்ரை.

நான் கூழ் கொடுத்தேன், மருமகள் கீழே வைத்தாள், எல்லாரும் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய் அழுதேன். அவ்வளவுதான் எழுத வந்தது.

உங்கள் கல்யாணம் ஆன வருஷம் அது. ஆடிக்கு உன்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூழ் ஊற்றுகிற அன்றைக்கு மட்டும் வரச் சொன்னேன். மாம்பழ நிறத்தில் புடவை கட்டி வந்தாய். அம்மனுக்குப் படைத்ததும் முதல் சொம்பை உன் கையில்தான் கொடுத்தேன். கட்டின புருஷன் செத்தபோதுகூட நான் அப்படி அழுதவள் இல்லை.

இந்தக் கதையைத் தமிழில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். திமிர் பிடித்தவள், நெஞ்சழுத்தக்காரி என்று வரிக்கு வரி உன்னைத் திட்டித்தான் சொல்வேன். இங்கிலீஷில் எனக்குத் திட்டத் தெரியவில்லை. நீ வசவு எதுவும் சொல்லித் தரவில்லை. வசவை எடுத்துவிட்டுப் பார்த்தால் கதை இவ்வளவு சின்னதாக இருக்கிறது. நீ ஏன் கீழே வைத்தாய் என்பது அதில் இல்லவே இல்லை. எனக்கு அது தெரியாது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

கன்னியம்மா

*

லீட்ஸ்
20-4-2025

அன்புள்ள அத்தைக்கு,

இன்று ஈஸ்டர். கோயிலுக்குப் போய் வந்து, சமையலை விமலிடம் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆரணியில் எங்கள் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் ஆடி தவறாமல் கூழ் காய்ச்சுவார்கள். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் படைப்பதற்கு முன்பே ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி, "ஏ மேரி, ஒம் புள்ளைங்களுக்கு எட்த்துக்கோ, இன்னும் படைக்கல" என்று சுவருக்கு மேலே நீட்டுவார்கள். கருவாட்டுக் குழம்போடு அதைக் குடிக்க நாங்கள் மூன்று பேரும் அடித்துக்கொள்வோம்.

நம் வீட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு சொம்பு முன்னாலேயே எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று விமலிடம் இரண்டு நாள் முன்பே சொன்னேன். நீங்கள் சொம்பைக் கொடுத்தபோது, இது எடுத்து வைத்ததா, படைத்ததா என்று அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. கீழே வைத்தேன்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் உங்கள் பின்னாலேயே ஓடி வந்தேன். அதற்குள் நீங்கள் அம்மன் எதிரில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்துகொண்டிருந்தீர்கள்.

உங்கள் ஆடி வரிகளை விமலுக்கு வாசித்துக் காட்டினேன். "சொன்னா அம்மா கத்துமேன்னு பயந்துகினு வுட்டுட்டேன்" என்றார். இத்தனை வருஷமும் அவர் உங்களிடம் சொல்லி, நீங்கள்தான் மறுத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அத்தை. அந்தக் கோபத்தில்தான் உங்கள் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தேன்.

ஜெனிபர்

*

புதுவாயல்
15-5-2025

என் மருமகள் ஜெனிபருக்கு,

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதைவிடச் சூடாக இருக்கிறேன் நான்.

உன் கடுதாசியைப் படித்ததும் அந்த நாளை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். விடிகாலையில் நான் கேழ்வரகுக் கூழ் கிளறிக்கொண்டிருந்தேன். விமல் நீலக் கட்டம் போட்ட லுங்கியோடு வந்து அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னாடா?" என்றேன். "ஒண்ணுமில்லமா, தீப்பெட்டி எங்க கீது?" என்றான். தீப்பெட்டி அவன் கையிலேயே இருந்தது! அப்போதே பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். கூழ் தீய்ந்துவிடுமே என்று விட்டுவிட்டேன். நீ கீழே வைத்த சொம்பையும் சேர்த்து அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து குடித்தவன் அவன்தான். அதையும் பார்த்தேன். அவனோடு நான் பேசுவதை நிறுத்தியிருக்கிறேன். காரணம் கேட்டால் தீப்பெட்டி என்று சொல்.

சத்தியத்தை இறக்க முடியுமா என்று பூசாரி குப்புராஜிடம் போய்க் கேட்டேன். யார் மேல் சத்தியமோ அந்த ஆள் அம்மன் எதிரில் வந்து நின்று என்னோடு மஞ்சத்தண்ணி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை தெரு பார்க்க உன்னை நிறுத்தி வைத்தது போதும். உன் சாமி உனக்கு. சத்தியம் அப்படியே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. சூடம் அடித்தபோது எனக்குத் தெரிந்தது ஒரே பாஷைதான். அந்தப் பாஷையில்தான் உன்னோடு பேசமாட்டேன் என்றேன். இதையும் குப்புராஜிடம் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மனுக்கு இங்கிலீஷ் தெரியுமான்னு என்னைக் கேட்டா நா இன்னாத்த சொல்றது? நீ இன்னாவோ பண்ணிக்கோ, என்னை வுடு" என்றார்.

ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுகிறோம். தனி அடுப்பில் தனிப் பானை வைக்கப்போகிறேன். அதில் ஒரு கரண்டிகூடப் படையலுக்குப் போகாது. உனக்கும் குழந்தைக்கும் உன் அம்மாவுக்கும் போதும். எடுத்து வைக்கும் வேலையை யாரிடமும் விடமாட்டேன், நானே செய்வேன்.

குழந்தையைக் காட்டிவிட்டுப் போக வேண்டாம். வருவதானால் நீயும் வா. வரமாட்டாய் என்றால் அதையும் எழுதிவிடு. தெரியாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

உன் அத்தை
கன்னியம்மா

*

ஆரணி
28-7-2025

அன்புள்ள அத்தைக்கு,

ஆஸ்பத்திரியில் லீவு முடிவாகும்வரை உங்களைத் தெரியாமல் உட்கார வைத்துவிட்டேன், மன்னியுங்கள். சனிக்கிழமை வந்து சேர்ந்தோம். நாலு மைல் தூரத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று அம்மா சிரிக்கிறார்கள். விமலிடம் சொல்லி அனுப்புவதை நான் விட்டுவிட்டேன். அதனால் தபாலில் போடுகிறேன்.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் பெட்டிகளோடு வருகிறோம். அம்மா வீட்டுக்கு நடுவில் ஒரு நாள் போய்விட்டு வந்தால் போதும். லீவு முடியும்வரை புதுவாயலில்தான். வாசலில் விமலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைத்துத் திட்டுங்கள். அவர் தயாராகத்தான் இருக்கிறார்.

நீங்கள் என்னோடு இங்கிலீஷிலேயே பேசுங்கள். சத்தியம் உங்களுடையது, நான் சத்தியம் எதுவும் செய்யவில்லையே. நான் தமிழில்தான் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஏஞ்சல் உட்காரட்டும். அவள் பாஷையை உங்கள் வாயிலும், உங்கள் பாஷையை என் வாயிலும் கேட்கட்டும். ராத்திரிக் கதைக்கு உங்கள் பக்கத்தில் அவள்தான் படுப்பாளாம், இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

ஞாயிறு காலையில் தனி அடுப்பை நீங்கள் மட்டும் பற்ற வைக்க வேண்டாம். கூழ் கிளற எனக்கும் ஆசை. நீங்கள் எழுந்ததும் என்னையும் எழுப்புங்கள் அத்தை. "கெட் அப்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உங்கள்
ஜெனிபர்