தாத்தா பெயரின் மேல் ஸ்டெப்னி

மகாராணிக்கு,

நம் பழைய பிக்கப்பில் ஸ்டெப்னி டயர் மாட்ட உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. பக்கவாட்டுத் தகட்டில், உன் தாத்தாவின் பெயர் எழுதியிருக்கும் இடமாகப் பார்த்து, நான்கு ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறாய். நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுத்த பெயர். இனி அவர்கள் டயருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதைக் கழற்றி உன் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது உன் கொள்கைதானே? தூக்கியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ ஒன்றும் விசாரிக்க வேண்டாம்.

"பஞ்சரானா சேத்துல படுத்து, வண்டிக்கு அடியிலேர்ந்து டயரை உருவ நீங்க வருவீங்களாப்பா?" என்று நேற்று கேட்டாய். வர மாட்டேன். அதனால் பழையபடி அடியிலும் வேண்டாம். சரக்கு ஏற்றும் தொட்டிக்குள், கேபினை ஒட்டி நிமிர்த்தி மாட்டு. நீயும் சேற்றில் படுக்க வேண்டாம், தாத்தாவும் மறைய வேண்டாம்.

சாப்பாடு மேஜையில் இருக்கிறது. தட்டால்தான் மூடியிருக்கிறேன், டயரால் அல்ல. வண்டிச் சாவியைத் தேடாதே. ஓட்டைகளை அடைத்துப் பெயரை மறுபடி எழுத, பெயின்டரிடம் வண்டியைக் கொண்டுபோகிறேன்.

அப்பா

தைலத்தை எங்கே வைத்துத் தொலைத்தாய்?

இன்னொன்று. தாத்தா பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதச் சொல்லப்போகிறேன். அதன் மேல் எந்த டயரை மாட்டுகிறாய் என்று நானும் பார்க்கிறேன்.